மாதிரி இல்லாமல் ஓர் அரிவாள்

பட்டறையில் நான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்பதால்தான் என்னைச் சிலோனுக்கு அனுப்பினார்கள். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் மாமனாரே எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இது அறுப்பு நேரம். கை தேர்ந்தவங்க யாரையும் விட முடியாது. மாப்பிள்ளைதான் சும்மா இருக்காரு."

நான் தச்சர் வீட்டுப் பிள்ளை. மரத்தில் எனக்கு அப்படியொன்றும் பெயர் கிடைக்கவில்லை. கொல்லர் வீட்டில் பெண் எடுத்த பிறகு, மனைவியின் அண்ணன்மார் இரும்பையும்தான் பாருங்களேன் என்று கூப்பிட்டார்கள். முப்பது வயதுக்கு மேல் சுத்தியலைக் கையில் எடுத்தேன். ஒரு கருக்கரிவாளை முன்னால் வைத்தால் அதே போல இன்னொன்று அடித்துவிடுவேன். முன்னால் ஒன்றும் இல்லையென்றால் கை நின்றுவிடும். இரும்பு பழுத்துக் காத்திருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் மூத்த மச்சான் முத்தையா ஆசாரியாக இருந்தார். லாரியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு, கட்டு அவிழ்க்கும் வரை ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மண்வெட்டிக்குக் காம்பு மாட்டுவதும் கத்தி தீட்டுவதுமாகப் பொழுது போய்விடும் என்று நினைத்துக் கிளம்பினேன். கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாந்தி எடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெல்மதுளைக்கு இந்தப் பக்கம் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். மழை என்றால் எங்கள் மானாமதுரைப் பக்கத்து மழை இல்லை. அங்கே மழை வந்தால் வெளியே ஓடிவந்து பார்ப்போம். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னோடு வண்டியில் இருந்தவர் பெல்மதுளைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். சீனி மூட்டை நனையாமல் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தார்.

"தம்பிக்கு என்ன தொழில்?"

"கொல்லு வேலைங்க" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

சொல்லி வாய் மூடவில்லை, சக்கரத்தின் இரும்புப் பட்டா கழன்று சேற்றில் விழுந்தது. வண்டிக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நானா என்னைக் காட்டி அவருக்கு ஏதோ பதில் சொன்னார். வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கடவுளாப் பாத்து ஆள அனுப்பியிருக்கார் எண்டு சொல்றான்" என்றார் நானா.

நான் இறங்கினேன். பட்டாவைக் காய்ச்சித்தான் மாட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த மழையில் நெருப்புக்கு எங்கே போவது? அதோடு, நான் அதுவரை ஒரு பட்டா மாட்டியதும் இல்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அட்டைகள் காலில் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் பையிலிருந்த அப்பாவின் உளியை எடுத்து, வேலியில் இருந்த ஒரு கட்டையைச் செதுக்கி ஆப்புகள் செய்தேன். பட்டாவைக் கல்லால் தட்டி ஏற்றி, இடுக்குகளில் ஆப்பு அடித்தேன். வண்டி நகர்ந்தது.

"தம்பி, நீங்க கொல்லனா, தச்சனா?" என்றார் நானா.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது என்றேன். சந்தி வரும் வரை அவர் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் மேலே தேயிலை, கீழே ரப்பர். லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் மச்சான் குடும்பம் இருந்தது. ஒரே அறை, அதற்கு முன்னால் அடுப்பு, அதற்கும் முன்னால் மழை. மச்சானின் மனைவி செல்லம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்ட கனமான ரொட்டி. கல்லிலிருந்து அதை விரல் நுனியாலேயே எடுத்துத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தரமும் விரலைக் காதுமடலில் தேய்த்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. இத்தன நாளா ஆசாரி பொண்டாட்டின்னு பேருதான். ஒரு ரொட்டி திருப்பிக்கு வழியில்ல. நீங்களாச்சும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றாள்.

"மாதிரி ஏதாவது இருக்குதாம்மா?"

"மாதிரி இருந்தா அதுலயே திருப்பிக்க மாட்டேனா?"

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்கு என்னிடம் ஒரு மரியாதை உண்டு. தங்கை புருஷனை ஒரு சொல் குறைவாகப் பேச மாட்டார். நான் எதைச் செய்தாலும் "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்பார். அதையே மூன்று விதமாகச் சொல்வார். முதல் விதம், சுமார். இரண்டாவது, மோசம். மூன்றாவது விதத்தில் சொன்னால் அதை உடனே உலைக்குள் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் ரொட்டியும் தின்றுகொண்டிருக்கும்போது பெரிய கங்காணி குடையோடு வந்து வாசலில் நின்றார். அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊர்லேர்ந்து நேரா வந்த ஆளு. நல்லதாப் போச்சு" என்றார். "ஆசாரி, நம்ம முனியாண்டிக்கு முன்னால வச்சிருந்த அருவா கடையில வாங்குனது. அது சாமிக்குப் புடிக்கல. அதான் போன வருச வெள்ளத்துல கல்லோட அடிச்சுக்கிட்டுப் போச்சு. இந்தத் தடவ ஊர்ல இருக்கிறாப்பலயே வேணும். வெள்ளிக்கெழம பூச."

பிறகு மச்சான் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "தொர கேக்குறாரு, வேல செய்யாத ஆளுக்கு எதுக்குக் காம்பரான்னு. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். சாமி அருவா நல்லா வந்துச்சுன்னா, உங்க கை ஆறுற வரைக்கும் மாப்ளயே பட்டறையப் பாத்துக்கட்டும். வரலேன்னா பெல்மதுளை பாஸத்தான் கூப்பிட்டு வைக்கணும். என்னைய நோவாதீங்க."

பாஸ் என்பது சந்தியில் பட்டறை வைத்திருந்த சிங்களக் கொல்லர். அவர் வந்தால் பட்டறை போகும். பட்டறை போனால் காம்பரா போகும். செல்லம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி கருகியது. உள்ளே பிள்ளைகள் மூன்றும் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. இவர்கள் குடியிருப்பதா போவதா என்பது என் கையில் இருக்கிறது என்றால், இவர்களுக்கு இதைவிடக் கெட்ட காலம் வரவே முடியாது என்று நினைத்தேன்.

"மச்சான், எனக்கு வடிவத்த மட்டும் சொல்லிருங்க. அடிச்சுடறேன்" என்றேன், கங்காணி போனதும்.

"அதத்தான் சொல்லக் கூடாது மாப்ள" என்றார். "சாமி அருவா அடிக்கிறவன் காப்புக் கட்டி ஒருவேளச் சோறு திங்கணும். அவன் கண்ணுக்கு எது படுதோ அதான் சாமி கேக்குற உருவம். இன்னொரு ஆசாரி வாயத் தெறந்தா குத்தமாயிரும். எங்கப்பா அடிக்கையில எங்கள அந்தப் பக்கமே விட மாட்டாரு. அதனாலதான் எனக்கும் அத அடிச்சுப் பழக்கமில்ல."

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத நாள் என்பதால் தோட்டமே பட்டறைக்கு வந்தது. இன்னொரு ஆசாரிதான் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது. திருச்சிப் பக்கத்து ஆட்கள், அரிவாள் நெட்டுக்குத்தாக இருக்கும், நுனி மட்டும் லேசாகச் சாயும் என்றார்கள். சேலத்துக்காரர்கள், பலாவிலை மாதிரி அகலமாக இருக்கும் என்றார்கள். புதுக்கோட்டைக்காரர் ஒருவர், நுனி கிளி மூக்கு மாதிரி உள்ளே வளைந்திருக்காவிட்டால் அது அரிவாளே இல்லை என்று கோபித்துக்கொண்டார். ஒவ்வொருவரும் ஊரை விட்டு வந்து இருபது வருஷம், முப்பது வருஷம். எல்லோரும் நேற்றுப் பார்த்தது போலச் சொன்னார்கள்.

கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க இப்பதானே வந்தீங்க. நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்கும்?"

எங்கள் ஊர் அய்யனார் காட்டைத் தினமும் இரண்டு முறை தாண்டிப் போகிறவன் நான். அங்கே வரிசையாக அரிவாள்கள் நட்டிருக்கும். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஆலமரம் தெரிந்தது, குதிரை தெரிந்தது, குதிரையின் உடைந்த காது தெரிந்தது. அரிவாள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "காப்புக் கட்டினவன் பேசக் கூடாது" என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்தேன். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குப் பக்கத்துக் காம்பராக்களில் எல்லாம் கருவாட்டுக் குழம்பு. எனக்குக் காப்பு. இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை, எங்கேயாவது ஒரு மாதிரி கிடைக்காதா என்று பெல்மதுளைக்கு நடந்தேன். நானா கடையில் பனங்கட்டி போலவே இருந்த ஒரு கருப்பு வெல்லத்தைக் கையில் கொடுத்து, பால் ஊற்றாத சாயத் தண்ணியை முன்னால் வைத்தார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். நான் அதைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கப் பார்த்தேன். கடையே வேடிக்கை பார்த்தது. நானாவைக் கூட்டிக்கொண்டு பாஸ் பட்டறைக்குப் போனேன். எதிரியின் வீட்டுக்கே போய் உபாயம் கேட்கிறோமே என்று உறுத்தியது. வேறு வழி தெரியவில்லை.

பாஸ் நல்ல உயரம், வெற்றுடம்பு, வாயில் வெற்றிலை. இரத்தினக் கல் எடுக்கும் குழிகளுக்கு ஒரு நீளக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். அதைத் தரையில் குத்திப் பார்த்துத்தான் அடியில் கல் மண் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்களாம். கம்பிக்கு உரியவன் பக்கத்திலேயே நின்றான். பாஸ் கம்பியை அவன் தோளோடு நிறுத்திப் பார்ப்பதும், உலையில் வைப்பதும், மறுபடி நிறுத்துவதுமாக இருந்தார்.

எனக்கு முனியாண்டி அரிவாள் வேண்டும், மாதிரி இருக்கிறதா என்று நானா கேட்டார். பாஸ் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னார்: "பிடிக்கப் போற ஆளைக் கூட்டிக்கொண்டு வா. அளவு எடுத்துத் தாறேன்."

"பிடிக்கப் போறது சாமின்னு சொல்லுங்க நானா."

அதைக் கேட்டதும் பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். "அப்பிடியெண்டா கஷ்டம்தான்" என்று சொன்னாராம். தோட்டம் திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். போகும்போது இருந்ததைவிட இப்போது அதிகம் குழம்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அடிக்க ஆரம்பித்தேன். மச்சான் எங்கிருந்தோ பழைய லாரி வில்லின் இரும்புப் பட்டை இரண்டு வாங்கி வைத்திருந்தார். செல்லம்மா துருத்தி ஊதினாள். எங்கள் ஊரில் கருவேலங்கரி. இங்கே தேங்காய்ச் சிரட்டைக் கரி. அது கோபக்காரக் கரி, சொல்லாமல் கொள்ளாமல் சூடேறிவிடும். முதலில் திருச்சிக்காரர்கள் சொன்னபடி நெட்டுக்குத்தாக இழுத்தேன். அந்தப் பக்கமாக வந்த சேலத்துக்காரர் "ச்சு" கொட்டினார். அகலமாக்கினேன். புதுக்கோட்டைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பேசாமையைத் தாங்க முடியாமல் நுனியை வளைக்கப் போனேன். எவ்வளவு வளைப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றதில் இரும்பு வெள்ளையாகப் பூத்து, மத்தாப்பு மாதிரி பொறி பறந்து, நுனி உதிர்ந்து கரிக்குள் விழுந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார் மச்சான். மூன்றாவது விதம்.

இன்னும் ஒரு பட்டைதான் இருந்தது. செல்லம்மா துருத்தியை விட்டுவிட்டு எழுந்து போனாள். கோபமாகப் போயிருந்தால் தேவலை. தலையை முந்தானையால் மூடிக்கொண்டு மெதுவாக, காம்பராவைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மச்சான் பார்க்காதது போல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை வேலை முடிந்த நேரம், இரும்பு வெந்துபோன செய்தி கேட்டு மறுபடியும் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் உலையைப் பற்றவைக்கவே இல்லை. அவர்களுக்குள்ளேயே சண்டை. "அட, நீ சொல்றது வீச்சருவா. முனி கையில இப்படி இருக்கும்யா." "எப்படி? இப்படியா?" "இல்லய்யா, இப்படி!" சத்தம் ஏற ஏற எனக்குத் தலை வலித்தது. காதைப் பொத்திக்கொண்டேன்.

காதைப் பொத்தியதால் ஒன்று தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை, என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. "இப்படி" என்று சொல்லும்போது எல்லோரும் கையைத் தூக்கினார்கள். முழங்கை கீழே, விரல்கள் சேர்ந்து மேலே, மணிக்கட்டு மட்டும் முன்னால் மடங்கி. திருச்சிக்காரர் கையும் அப்படித்தான். சேலத்துக்காரர் கையும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒரே வளைவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாதிரி இத்தனை நேரமும் என் முன்னால் இருந்திருக்கிறது.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பலகையைத் தரையில் போட்டேன். "மச்சான், கையக் கொஞ்சம் இதுல வைங்க." அவர் ஏன் என்று கேட்கவில்லை. வலது கை மூங்கில் பத்தையோடு கழுத்தில் தொங்கியது. இருக்கிற இடது கையை வைத்தார். கரித்துண்டால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரைந்து எடுத்தேன். அந்தக் கோட்டை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் இழுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அடித்தேன். செல்லம்மாவைக் கூப்பிடவில்லை. அவளாகவே அன்று பால் வெட்டப் போகாமல் வந்து துருத்தியில் உட்கார்ந்தாள். பலகைதான் மாதிரி. மாதிரி இருந்தால் எனக்கென்ன பயம்? சூடு ஏறியதும் எடுத்தேன், கோட்டோடு வைத்துப் பார்த்தேன், அடித்தேன். கடைசியாகத் தண்ணீர் காட்டியபோது 'சுர்' என்ற சத்தம் அடங்கும் வரை மூவரும் மூச்சு விடவில்லை. இரும்பு வளையவில்லை, வெடிக்கவில்லை. மணிக்கட்டு மாதிரியே முன்னால் சாய்ந்து வந்தது.

பிடி மட்டும் மரத்தில். அங்கேதான் எனக்குத் திமிர் வந்துவிட்டது. இரும்பில் நான் கற்றுக்குட்டி, மரத்தில் அப்பாவின் பிள்ளை. பிடுங்கிப் போட்டிருந்த கிழட்டுத் தேயிலைத் தூர் ஒன்றை எடுத்தேன். கல் மாதிரி மரம். சாதாரணமாக உருட்டிவிட்டால் போதும். நான் விடவில்லை. களிமண்ணைப் பிசைந்து மச்சானைப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த பள்ளங்களை அப்படியே மரத்தில் செதுக்கினேன். பெருவிரலுக்குக்கூட ஒரு குழி. மாட்டி முடித்ததும் மச்சான் அதை எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். இந்த விதத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் கங்காணி வந்தார். அரிவாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதேதான்யா!" என்றார். அவர் புதுக்கோட்டைக்காரரும் இல்லை, சேலத்துக்காரரும் இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகு அதைக் கையில் எடுத்தார். நெற்றி சுருங்கியது. மாற்றிப் பிடித்தார். மறுபடி மாற்றினார்.

"என்ன ஆசாரி, கையில ஒக்கார மாட்டேங்குது? பெருவிரல் எங்கயோ போகுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிமண்ணைப் பிடித்தது இடது கை. பிடி முழுக்க இடது கைக்கு. நாளைக்குப் பூசையில் அரிவாளை வாங்கி ஆடப் போகிறவர் கங்காணியின் தம்பி வேலு. பழைய சாமியாடி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டதால், இந்தத் தடவை தன் தம்பி மேல்தான் சாமி வரும் என்று கங்காணி முடிவு செய்திருந்தார். வேலுவும் விரதம் இருந்தார். அவருக்கு எல்லாம் வலது கைதான். இன்னொரு பிடி செதுக்கப் பொழுது இல்லை. இருந்தாலும், மாட்டிய பிடியைக் கழற்றினால் அபசகுனம்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார் கங்காணி. அவர் போனதும் மச்சானைப் பார்த்தேன். களிமண்ணைப் பிடிக்கும்போதே இவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தும் காப்புக் கட்டியவனிடம் சொல்லக் கூடாதென்று இருந்துவிட்டாரா? அவர் பிள்ளைகளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. மழை விட்டிருந்தது. ஓடை ஓரத்தில் புதுக் கல்லை நட்டு, மாலை போட்டு, பொங்கல் வைத்தார்கள். அரிவாளைக் கல்லின் முன்னால் ஊன்றியதும் பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளம் வந்த நாளிலிருந்து அந்த இடம் வெறுமையாகவே கிடந்ததாம். ஒரு பெண் அரிவாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கை செய்த ஒன்றை இன்னொருவர் கும்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷமும் பயமும் கலந்து வந்ததில் எனக்கு ஏப்பம்தான் வந்தது.

தப்பு முழங்கியது. வேலு குளித்து ஈரத் துண்டோடு வந்து அரிவாளைப் பிடுங்கினார். கண்ணை மூடினார். கை கொஞ்சம் நடுங்கியது. பிடியை மாற்றினார். மறுபடி நடுக்கம். மறுபடி மாற்றினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பிடியைப் பார்த்தார். பார்த்தவுடன் எல்லாம் போய்விட்டது. தப்புக்காரர்கள் விடாமல் அடித்தார்கள். சாமி வரவில்லை. கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பெல்மதுளை பாஸே வந்து நின்றது போலிருந்தது. நான் செல்லம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அப்போது பின்னால் ஒரு சத்தம். கூட்டம் விலகியது. மச்சான் வந்தார். வந்தார் என்பது சரியில்லை, கழுத்துக் கட்டில் வலது கை தூக்கித் தூக்கிப் போட, யாரோ பிடித்துத் தள்ளுவது போல வந்து விழுந்தார். எழுந்து, வேலு கையிலிருந்த அரிவாளை இடது கையால் பிடித்து இழுத்தார். பிடி போய் உட்கார்ந்தது. நாலு விரலும் நாலு பள்ளத்தில், பெருவிரல் குழியில்.

"எடது கையிலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"சாமிக்கு ஏதுடி எடதும் வலதும்?" என்று இன்னொரு குரல் அதட்டியது.

கங்காணி கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "யாரு வந்திருக்கிறது? வாயத் தெறந்து சொல்லணும் சாமி."

"தண்ணியோட போனவன்டா!" அது மச்சான் குரலே இல்லை. "நடந்தே திரும்பி வந்திருக்கேன்டா!"

பெண்கள் ஓவென்று அழுதார்கள். வேலுவே கீழே விழுந்து கும்பிட்டார். மச்சான் அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "இத அடிச்சவன் எங்கடா?"

என்னை நாலு பேர் முன்னால் தள்ளினார்கள். என்னை ஒரு நாளும் 'நீங்க' என்பதைவிடக் குறைத்துப் பேசாத மனிதர், கண் சிவக்க, என் முகத்துக்கு நேராக அரிவாளை நீட்டினார். "எங்கேருந்துடா எடுத்த இந்த வளைவ?"

எத்தனையோ நல்ல பதில் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாயிலிருந்து உண்மைதான் வந்தது. "மச்சான், நீங்கதானே பலகையில கைய வச்சீங்க!"

தப்பு நின்றுவிட்டது. சாமியை மச்சான் என்று கூப்பிட்ட ஆளை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. கங்காணி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரிவாள் என் மூக்குக்கு முன்னால் அப்படியே நின்றது. பிறகு அவர் உடம்பு குலுங்கியது. சிரிப்பா ஆவேசமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அரிவாளை மண்ணில் குத்திவிட்டு, திருநீற்றை அள்ளி என் நெற்றி முழுக்க இடது கையாலேயே அப்பினார். அடுத்த நிமிஷம் செல்லம்மாவின் மடியில் சரிந்து விழுந்தார்.

கங்காணி அரிவாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "சாமி எறங்குன ஒடம்பு. அத லயத்த விட்டு அனுப்பிட்டு நாம நல்லாருக்க முடியுமா? தொரகிட்ட நான் பேசிக்கறேன்." செல்லம்மா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கிடந்த தலையின் ஈர முடியை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.

லயத்துக்குத் திரும்பும்போது மச்சானும் நானும் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். களைத்துப்போயிருந்தார். எனக்குள் ஒரு கேள்வி கிடந்து குடைந்தது. காம்பராவைக் காப்பாற்ற வேலு தடுமாறிய நேரம் பார்த்து வந்தாரா? அல்லது வந்தது அவரே இல்லையா? பொய் என்றால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? உண்மை என்றால் பிடி எப்படி அவ்வளவு சரியாக அந்தக் கைக்கு இருந்தது? அதை அந்தக் கைக்கென்று செதுக்கியவனே நான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் குழம்பிப் போனேன்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேக்காதீங்க மாப்ள" என்றார், திரும்பாமலே. கொஞ்ச தூரம் நடந்தார். "எனக்கும் சரியாத் தெரியல."

அந்தக் குரல் உடைந்திருந்தது. நான் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை காப்பை அவிழ்த்தேன். செல்லம்மா எனக்கென்று தனியாகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ரொட்டியைக் கல்லிலிருந்து விரலால் திருப்பிவிட்டு, காதைத் தடவிக்கொண்டாள். சாப்பிட்டதும் பட்டறைக்குப் போய் உலையை மூட்டினேன். வெந்துபோன முதல் பட்டையில் நுனிதான் போயிருந்தது, மிச்சம் நல்ல இரும்பு. அதை எடுத்து வைத்துக்கொண்டு, பலகையைக் கழுவிவிட்டு, அவளைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே? மாதிரிதான் இல்லையே."

"பலகையில கைய வைம்மா."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தவள், வைக்கப் போய்த் தயங்கினாள். "எந்தக் கையண்ணே?"

கரித்துண்டைக் கீழே வைத்தேன். "மொதல்ல வீட்டுக்கு வா. எந்தக் கையால ரொட்டியத் திருப்புறேன்னு ஒரு தடவ பாத்துர்றேன்."